ஒரே குடும்பம், வரிக்கு இரண்டு கணக்கு

நம் சங்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து பொன்முடிக்குச் சென்று வந்ததை வாசக அன்பர்கள் அறிவீர்கள். நெடுமங்காடு, விதுரா வழியாகக் கல்லாறு போய், அங்கிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏறத்தாழ 1100 மீட்டர் உயரத்தில் மலை. மேலே பனி மூடி எதிரே நிற்பவர் முகமே தெரியாமல் போனதால், எல்லோரும் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்; தெரிந்தவர்களுக்கு வருமான வரிப் படிவம் நிரப்ப உதவுகிறவன். ஆகவே என்னைச் சுற்றி ஒரு சிறு கூட்டம் சேர்ந்தது.

சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் கேட்டார்: "அமெரிக்காவில் இருக்கிற என் மகன் மனைவியோடு சேர்ந்து ஒரே படிவம் கொடுக்கிறானாம். நாம் ஏன் அப்படிக் கொடுக்கக் கூடாது?" அடுத்தவர், "வீட்டுக்காரி பெயரில் டெபாசிட் போட்டால் வரி தப்பும்தானே?" என்றார். கரமனையிலிருந்து வந்திருந்த அம்மா ஒருவர், "எனக்கு வருமானமே இல்லை, எனக்கு எதற்கு பான் கார்டு?" என்று சிரித்தார். பஸ் புறப்படும் அவசரத்தில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

சேர்ந்து கொடுக்க வழி உண்டா?

முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில்: இந்தியாவில் கணவன் மனைவி சேர்ந்து ஒரே வருமான வரிப் படிவம் கொடுக்க வழியில்லை. நம் சட்டம் தம்பதியைப் பார்ப்பதில்லை, தனி மனிதரைப் பார்க்கிறது. அவருக்கு ஒரு பான் எண், இவருக்கு ஒரு பான் எண். ஒரே கூரை, ஒரே அடுப்பு; ஆனாலும் வரிக்கு இரண்டு கணக்கு.

இதனால் நன்மை யாருக்கு, நட்டம் யாருக்கு? 2025-26ஆம் நிதியாண்டின் புதிய வரி முறையை வைத்து ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். ஒரு வீட்டில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். நிலையான கழிவு போக ஆளுக்கு 10 லட்சம் ரூபாய் சம்பளம். 12 லட்சம் வரை வரித் தள்ளுபடி இருப்பதால் இருவரும் ஒரு ரூபாய்கூட வரி கட்ட வேண்டாம். பக்கத்து வீட்டில் கணவர் ஒருவருக்கே 20 லட்சம். மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். அந்த வீட்டுக்கு வரி 2 லட்சம், அதன்மேல் 4 சதவீதக் கூடுதல் தீர்வை 8 ஆயிரம், ஆக மொத்தம் 2,08,000 ரூபாய். இரண்டு வீட்டுக்கும் வந்த பணம் ஒன்றுதான்.

இது நம்மைப் போல ஊர் விட்டு வந்தவர்களுக்கு முக்கியமான செய்தி. கணவருக்கு மாற்றல் வந்தபோது ஊரில் இருந்த ஆசிரியர் வேலையையோ அலுவலக வேலையையோ விட்டுவிட்டு வந்த பெண்கள் நம் சங்கத்தில் எத்தனை பேர்! புதிய இடத்தில் மொழி பழகி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொண்ட அந்த உழைப்புக்கு வரிச் சட்டத்தில் இடமில்லை.

2025 பட்ஜெட்டுக்கு முன்பு இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம், விரும்பும் தம்பதியர் சேர்ந்து வரிப் படிவம் கொடுக்க அனுமதிக்கலாம் என்று அரசுக்கு யோசனை சொன்னது. அந்த பட்ஜெட்டில் அது வரவில்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி இயற்றப்பட்ட 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமும் தனி மனிதர் கணக்கு என்ற அடிப்படையையே வைத்துக்கொண்டிருக்கிறது.

பெயரை மாற்றினால் போதுமா?

"அப்படியானால் பாதிப் பணத்தை மனைவி பெயரில் போட்டுவிடலாமே" என்பது இரண்டாவது அன்பரின் யோசனை. இந்த யோசனை வெள்ளைக்காரன் காலத்திலேயே பலருக்கு வந்துவிட்டது. அதனால் 1937இலேயே வருமான வரிச் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்தார்கள். அன்று முதல் இன்று வரை விதி இதுதான்: கணவன் தகுந்த விலை பெறாமல் மனைவிக்குக் கொடுத்த பணத்திலிருந்தோ சொத்திலிருந்தோ வரும் வருமானம் கணவன் கணக்கிலேயே சேரும். மனைவி கணவனுக்குக் கொடுத்தாலும் இதே விதி.

கொடுப்பது குற்றமில்லை. கணவன் மனைவிக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு வரியும் இல்லை. 10 லட்சம் ரூபாயை மனைவி பெயரில் டெபாசிட் போட்டால் டெபாசிட் மனைவியுடையது. ஆனால் வட்டியைக் கணவன் தன் படிவத்தில் காட்ட வேண்டும். வீடு எழுதி வைத்தால் வாடகைக்கும் அதே கதை. அந்த வட்டியை மனைவி எடுத்து மறுபடி முதலீடு செய்து வரும் வட்டிக்கு வட்டி மட்டும் மனைவியின் வருமானம்.

கடை வைத்திருக்கும் அன்பர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சொந்தக் கடையிலோ, கணிசமான பங்கு வைத்திருக்கும் கம்பெனியிலோ மனைவிக்குச் சம்பளம் போட்டால் அதுவும் கணவன் கணக்கில் சேரும். மனைவிக்குத் தொழில்நுட்பத் தகுதியோ, தொழில்முறைத் தகுதியோ இருந்து, அந்தத் தகுதியைக் கொண்டு அவர் செய்த வேலைக்குக் கொடுத்த சம்பளம் என்றால் மட்டும் விலக்கு உண்டு. மருந்துக் கடையில் பார்மசி படித்த மனைவி வேலை செய்தால் சரி. எங்கும் வேலை செய்யாமல் பேரேட்டில் மட்டும் பெயர் இருந்தால் சரியில்லை.

நம் தாய்மார்கள் மகிழத்தக்க ஒரு செய்தியும் உண்டு. வீட்டுச் செலவுக்குக் கொடுத்ததில் மிச்சம் பிடித்து அரிசிப் பானையில் ஒளித்து வைக்கும் சிறுவாட்டுப் பணம் இருக்கிறதே, அதில் வாங்கிய சொத்தின் வருமானத்தைக் கணவன் கணக்கில் சேர்க்க முடியாது என்று 1956இலேயே நாக்பூர் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. தாய்வீட்டுச் சீராக வந்த நகை, பணம், நிலம் இவற்றின் வருமானமும் மனைவியுடையதே.

தேயிலைக் கம்பெனிப் பங்கு

பொன்முடியில் தேயிலைத் தோட்டங்களைப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்த வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். கல்கத்தாவில் தேயிலைத் தரகு நடத்திய ஒரு கம்பெனியின் பங்குதாரர், 1947 டிசம்பரில் தாம் மணக்கவிருந்த பெண்ணுக்கு 750 பங்குகளை எழுதிக் கொடுத்தார். சில நாட்களில் திருமணம் நடந்தது. பங்குகளின் லாப ஈவை வரித்துறை கணவர் கணக்கில் சேர்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1963இல் தீர்ப்பு: பங்கை எழுதிக் கொடுத்த அன்று அவர் கணவனும் அல்ல, அந்தப் பெண் மனைவியும் அல்ல, ஆகவே அந்த வருமானம் மனைவிக்கே உரியது. பிலிப் ஜான் பிளாஸ்கெட் தாமஸ் வழக்கு என்று வரி வழக்கறிஞர்கள் இதை இன்றும் எடுத்துக்காட்டுவார்கள். திருமணத்துக்கு முன் கொடுத்ததற்கும் பின் கொடுத்ததற்கும் சட்டத்தில் இவ்வளவு வேறுபாடு!

அதே தேயிலையைப் பறிக்கும் பெண்களையும் நினைக்க வேண்டும். தோட்டத்துச் செக்ரோலில் கணவன் பெயர் தனி, மனைவி பெயர் தனி. வைப்பு நிதிக் கணக்கும் தனித்தனி. ஆனால் இலங்கை மலையகத் தோட்டங்களில் மனைவியின் சம்பளத்தைக் கணவன் கைநீட்டி வாங்கிக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. பெயர் அவளுடையதாக இருந்தும் பணம் அவள் கைக்கு வரவில்லை. வரி கட்டும் அளவுக்கு வருமானம் உள்ள நம் வீடுகளிலும் இந்த நிலை இல்லையா என்று அவரவர் யோசித்துக்கொள்ளலாம்.

கோவாவும் கேரளமும்

இந்தியாவுக்குள்ளேயே ஒரு விதிவிலக்கு உண்டு. கோவாவில் போர்ச்சுக்கீசியர் விட்டுச் சென்ற சிவில் சட்டப்படி சொத்து தம்பதியர் இருவருக்கும் பொது. ஆகவே அச்சட்டத்துக்கு உட்பட்ட தம்பதியரின் வருமானத்தில் சம்பளம் நீங்கலாக மற்றதைச் சரிபாதியாகப் பிரித்து இருவர் படிவத்திலும் காட்ட வேண்டும். 1994இல் வருமான வரிச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு சேர்த்தார்கள்.

தமிழ்நாட்டில் சிலர் பிரிக்கப்படாத இந்துக் குடும்பம் என்ற பெயரில் தனிப் பான் எண் வாங்கி, மூன்றாவதாக ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். கேரளத்தில் குடியிருப்போர் இதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இங்கே 1976 டிசம்பர் 1 முதல் கூட்டுக் குடும்ப ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து, கூட்டுச் சொத்து அவரவர் பங்காகிவிட்டது. அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் 2005ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தத்துடன் முரண்படுகின்றன என்று 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே நாகர்கோவிலிலோ திருநெல்வேலியிலோ பூர்வீகச் சொத்து இருந்து, இங்கே குடியிருப்பவர்கள் பத்திரங்களுடன் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டுச் செய்வது நல்லது.

அண்ணாச்சி மகனின் கணக்கு

அமெரிக்காவில் தம்பதியர் சேர்ந்தோ தனித்தனியாகவோ படிவம் கொடுக்கலாம். ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டுக்குச் சேர்ந்து கொடுப்பதே பெரும்பாலும் லாபம். ஆனால் அதில் ஒரு சுமையும் உண்டு. சேர்ந்து கையெழுத்திட்டால் முழு வரிக்கும் இருவரும் பொறுப்பு. கணவன் மறைத்த வருமானத்துக்கு மனைவியிடமும் வசூலிக்கலாம். தமக்குத் தெரியாது என்று நிரூபித்து விலக்குக் கேட்பது பின்னால் வரும் வேலை. மருமகள் படிக்காமல் கையெழுத்திடக் கூடாது என்று அண்ணாச்சி எழுதுவது நல்லது.

மலேசியாவில் இருக்கும் நம் உறவினர்களும் சேர்ந்து மதிப்பீடு கேட்கலாம், தனியாகவும் இருக்கலாம். கனடாவில் நம்மைப் போலவே ஆளுக்கொரு படிவம். இங்கிலாந்தில் 1990 ஏப்ரல் வரை மனைவியின் வருமானம் கணவன் வருமானமாகவே கருதப்பட்டது. அதன் பிறகுதான் மனைவிக்குத் தனிக் கணக்கு வந்தது. சேர்த்துப் பார்ப்பதில் வரிச் சலுகை இருக்கலாம். தனியாகப் பார்ப்பதில் பெண்ணுக்கு ஒரு மரியாதை இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

நாம் செய்யக்கூடியது

என்னிடம் வந்த ஒரு தம்பதியின் கதையைச் சொல்கிறேன். அந்த அம்மா தென்காசிப் பக்கம் ஆசிரியையாக இருந்தவர். வேலையை விட்டு இங்கே வந்தபோது கிடைத்த வைப்பு நிதிப் பணம் முழுவதையும் கணவர் பெயரில் டெபாசிட் போட்டார்கள். பிறகு அது வீட்டு மனையாயிற்று, வீடாயிற்று. எல்லாம் அவர் பெயரில். பல ஆண்டுகள் கழித்து வீட்டை விற்றபோது, தம் பங்கு எவ்வளவு என்று காட்ட அந்த அம்மாவிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ஆதாயம் முழுவதும் கணவர் கணக்கில் ஏறியது. ஆரம்பத்திலிருந்தே பங்குப்படி இருவர் பெயரிலும் இருந்திருந்தால் ஆதாயமும் இருவருக்குப் பிரிந்திருக்கும். கணவர் நல்லவர்தான், மறுத்துப் பேசவில்லை. ஆனால் அந்த அம்மா, "என் பணம் எங்கே போயிற்று என்று எனக்கே தெரியவில்லை" என்று சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது.

ஆகவே கரமனை அம்மாவின் கேள்விக்கு என் பதில்: உங்களுக்குத்தான் பான் கார்டு முக்கியம். சீர்ப் பணம், பழைய வேலையின் வைப்பு நிதி, டியூஷன் வருமானம், சிறுவாடு எல்லாம் உங்கள் பெயரில் தனி வங்கிக் கணக்கில் இருக்கட்டும். கணவர் கொடுத்த பணத்தை அதோடு கலக்க வேண்டாம். அதற்கு வேறு கணக்கு. இருவர் பணத்தில் வீடு வாங்கினால் பத்திரத்தில் இருவர் பெயரும், யார் எவ்வளவு கொடுத்தார் என்ற கணக்கும் இருக்கட்டும். பழைய வரி முறையில் இருப்போர், வீட்டிலும் கடனிலும் இருவரும் கூட்டாளிகளாக இருந்து இருவரும் தவணை கட்டினால், சொந்தக் குடியிருப்புக்கு ஆளுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கடன் வட்டியைத் தனித்தனியே கழிக்கலாம். மனைவிக்குக் கடனாகக் கொடுப்பதாக இருந்தால் நியாயமான வட்டியுடன் எழுதிக்கொண்டு, அந்த வட்டியை உண்மையாகவே வாங்குங்கள்.

தனித்தனிப் படிவத்தின் பலன், பணம் உண்மையிலேயே தனித்தனியாக இருந்தால்தான் கிடைக்கும். ஜூலை மாதம் படிவம் நிரப்ப உட்காரும்போது மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கணக்கு யாருடையது, அதற்கான காகிதம் எங்கே என்று இருவரும் சேர்ந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சந்தேகம் உள்ளவர்கள் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் என்னைப் பார்க்கலாம், தெரிந்ததைச் சொல்கிறேன்.