பணியிடத்தில் ஆட்டிசம்: கேட்டுப் பெறவேண்டிய உரிமை

பிறர் சொல்லாமல் உணர்த்துவதைப் புரிந்துகொள்வதிலும், ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றைத் தாங்குவதிலும், பழகிய ஒழுங்கு மாறும்போது ஈடுகொடுப்பதிலும் மூளை வளர்ச்சியோடு சேர்ந்தே அமையும் வேறுபாடான ஆட்டிசம், குழந்தைப் பருவத்தோடு முடிந்துவிடுவதில்லை. ஆயினும் இந்தியாவில் அதைப் பற்றிய பேச்சு பயிற்சி மையத்தோடும் பள்ளிச் சேர்க்கையோடும் பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இடம்பெறவே இல்லை. 21 வகைக் குறைபாடுகளை ஏற்று 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அக்குறையை நீக்கியதோடு, அரசுப் பணிகளில் 4 விழுக்காட்டு இடஒதுக்கீட்டையும் வகுத்தது. எனினும் அதில் 1 விழுக்காட்டையே ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய பிரிவினர் அனைவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். இதற்கு 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பைக் காட்டும் மருத்துவச் சான்றிதழ் தேவை. தம் இயல்பை மறைத்துக்கொள்ளப் பல்லாண்டுகளாகப் பழகியவரும், இளமைக்கால நடத்தையைச் சொல்லப் பெற்றோர் உயிருடன் இல்லாதவரும் அந்த அளவை எட்டாமற்போவது இயல்பே.

அவர்கள் கைவிடப்படவில்லை என்பதே இங்கு அழுத்திச் சொல்லவேண்டியது. நியாயமான மாற்றமைப்பு, அதாவது நிறுவனத்தின்மேல் அளவுக்கு மீறிய சுமையை ஏற்றாமல் ஒருவரின் தேவைக்கேற்பப் பணிச்சூழலைத் திருத்தித் தருவது, அந்த 40 விழுக்காட்டைச் சார்ந்ததன்று என்று விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. வாய்மொழிக் கட்டளையை எழுத்தில் தருவது, இரைச்சலற்ற மூலையில் இருக்கை ஒதுக்குவது, பணிமுறை மாற்றத்தை முன்கூட்டியே அறிவிப்பது, நேர்காணலுக்குப் பதிலாகச் செய்முறைத் தேர்வு வைப்பது போன்ற திருத்தங்கள் பெரும்பாலும் செலவற்றவை. அவற்றைச் சலுகை என்று மேலாளர்கள் கருதுவதுதான் தடை. கோரிக்கையை எழுத்து மூலம் அளித்து, அதன் நகலை வைத்திருப்பது பின்னாளில் வழக்குக்கு அடிப்படையாகும். அதே ஆண்டு ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கில், மனநலக் குறைபாட்டோடு தொடர்புடைய நடத்தைக்காக எடுக்கப்படும் ஒழுங்கு நடவடிக்கையும் பாகுபாடாகலாம் என்று அந்நீதிமன்றம் கூறியது, கண்களைப் பார்த்துப் பேசாததையே ஒழுங்கீனமாக எழுதிவிடும் அலுவலகங்களில் நினைவூட்டத் தக்கது.

தனியார் துறையில் பாதுகாப்பு மெலிந்தே உள்ளது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேலைவாய்ப்பில் பாகுபாட்டை வெளிப்படையாகத் தடுக்கும் 20-ஆவது பிரிவு அரசு நிறுவனங்களையே குறிக்கிறது. ஆனால் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிடும் கடமை தனியாருக்கும் உண்டு. அதைக் கேட்டுப் பார்ப்பதே முதற்படி. பயனில்லையெனில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரங்கள் அவருக்கு உண்டு, ஆயினும் அவர் தருவது பரிந்துரையே.

மற்றோர் இடர் வீட்டிலிருந்தே வருகிறது. மகனோ மகளோ 18 வயதை எட்டியதும், 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்ட அளவிலான குழுவிடம் பாதுகாவலர் நியமனம் கோரும் பெற்றோர், நல்லெண்ணத்தாலேயே அவருடைய சம்பளத்தையும் கையெழுத்தையும் தம் வசமாக்கிவிடக்கூடும். வங்கிக் கணக்கையும் ஒப்பந்தத்தையும் தாமே கையாளக்கூடியவருக்கு இது தேவையற்றது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, குறிப்பிட்ட முடிவுக்கு மட்டும், அவரோடு கலந்து முடிவெடுக்கும் வரம்புக்குட்பட்ட பாதுகாவலரை முன்வைப்பதோடு, அந்த நியமனத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையையும் மாற்றுத்திறனாளிக்கே தருகிறது.