நுண்ணுயிர்க்கு இடும் உணவு

அந்தமானில் குட்வில் எஸ்டேட் போன்ற ஊர்களில் வாழும் தமிழன்பர்களுக்குத் தென்னையைப் பற்றி நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கொப்பரை எண்ணெயாகிறது, பிண்ணாக்கு மாட்டுத் தொட்டிக்குச் செல்கிறது, மட்டையின் நார்க்கழிவு மூலையிற் குவிகிறது. இத்தகைய பொருள்களைப் பாக்டீரியா எனும் நுண்ணுயிர்க்கு உணவாக இட்டு, நொதி எனப்படும் விலைமிக்க பொருளைப் பெற இயலும். எதை இடுவது, எதனோடு சேர்த்து இடுவது என்பதிலேதான் சூட்சுமம் இருக்கிறது.

பாக்டீரியாவுக்கு வாயில்லை. மாவுப்பொருளை அப்படியே உட்கொள்ள அதனால் ஆகாது. ஆகவே அமைலேஸ் என்னும் நொதியைத் தன் உடலுக்கு வெளியே சுரந்து, மாவைச் சர்க்கரையாக அறுத்து, அதன்பின் உறிஞ்சுகிறது. புரதத்தை அறுக்கப் புரோட்டியேஸ் என்னும் வேறொரு நொதியைச் சுரக்கிறது. நெசவாலையில் துணியின் கஞ்சியை நீக்கவும், சலவைத்தூளில் கறை போக்கவும் நாம் பயன்படுத்துவன இவையே.

நல்ல உணவை இட்டால் நொதி மிகும் என்று நினைக்கத் தோன்றும். உண்மை அதுவன்று. குளுக்கோஸை நிறைய இட்டால் பாக்டீரியா செழித்துப் பெருகும். அமைலேஸ் சுரப்பதோ குறைந்துவிடும். வடித்த சோறு பானையில் இருக்க, எவர் நெல் குத்தப் போவார்? பாரிஸ் நகரின் ஜாக் மோனோ 1940-களில் இருவகைச் சர்க்கரையை ஒருங்கே இட்டுப் பார்த்தார். பாக்டீரியா எளியதை முதலில் தின்று தீர்த்து, சற்றே தயங்கி, அதன் பின்னரே மற்றதற்கு வேண்டிய நொதியை ஆக்கியது. இவ்வழியில் தொடர்ந்த ஆராய்ச்சிக்காக 1965-இல் அவரும் பிரான்சுவா ஜாக்கோபும் ஆந்திரே லுவோஃபும் நோபெல் பரிசு பெற்றனர்.

ஆகவே மெல்லக் கரையும் உணவே ஏற்றது. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளியிலிருந்து மாவெடுத்தபின் எஞ்சும் திப்பியில், உலர்ந்த எடையிற் பாதியளவு மாவு இன்னும் தங்கியிருக்கும். ஆயினும் திப்பி மட்டும் போதாது. நொதியே ஒரு புரதம். அதனை ஆக்க நைட்ரஜன் வேண்டும். திப்பியில் அது மிகச் சொற்பம். கடலைப் பிண்ணாக்கோ சோயா மாவோ சேர்த்தால் குறை தீரும். அம்மோனிய உப்பு மலிவானதே. ஆனால் அதுவும் வடித்த சோற்றைப் போன்றது. பல பாக்டீரியா வகைகளில் அது மிகுந்தால் புரோட்டியேஸ் குன்றும்.

நார்க்கழிவின் நிலை வேறு. அதில் நைட்ரஜன் ஒரு பங்கு எனில் கார்பன் நூறு பங்குக்கும் மேல். லிக்னின் என்னும் கடும்பொருளும் மிகுதி. அதனை மட்கச் செய்ய யூரியாவுடன் சிப்பிக்காளான் வித்தையே தூவுகின்றனர். பாக்டீரியாவுக்கு எளிதில் வசப்படாது. தேங்காய்ப் பிண்ணாக்கிலோ ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு புரதம் உண்டு. திருவனந்தபுரத்து ஆய்வாளர் அதன்மேல் அமைலேஸ் பெற்றுள்ளனர். அவர்கள் வளர்த்தது பூஞ்சணம். பாக்டீரியாவுக்கு அளவுகளைத் தனியே சோதித்தறிய வேண்டும். ஆங்கிலக் குறிப்புகளைத் தமிழாக்கும் என் போன்றோர் இவை அனைத்தையும் ‘வேளாண் கழிவு’ என ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். நுண்ணுயிர் அவ்வாறு அடக்குவதில்லை.

இதனால் ஆவது யாதெனின், பாலாற்றங்கரையை நினைத்துப் பாருங்கள். தோலின் மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் இடுவது நெடுநாள் வழக்கம். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. மயிர்க்காலைத் தளர்த்தும் புரோட்டியேஸ் அந்தச் சல்பைடைப் பெரிதும் குறைக்கவல்லது. சென்னையில் 1948-இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் உழைத்துவருகிறது. எனினும் நொதியின் விலை இறங்கினாலன்றிச் சிறு ஆலைக்காரர் அதனை நாடார் என்பது என் எண்ணம். அவ்விலையில் நுண்ணுயிரின் உணவுச் செலவும் பெரும் பங்கு; தவிடும் பிண்ணாக்கும் அங்கேதான் கைகொடுக்கும்.

தீவுகளில் இருப்போர் ஒன்றைக் கருத வேண்டும். மழைக்காலத்தில் பிண்ணாக்கில் ஈரமேறினால் நாம் இடும் நுண்ணுயிர்க்கு முன்பே வேண்டாத பூஞ்சணம் அதிற் குடியேறிவிடும். நன்கு உலர்த்தி, காற்றுப் புகாமற் கட்டிவைத்த பிண்ணாக்கே இவ்வேலைக்கு உதவும்.