ரூன் எழுத்தும் பொய்ப் பெருமையும்

ஒரு ஜனசமூகத்தின் பழைய எழுத்து, முன்னோர் வைத்துப்போன பொதுச்சொத்து. அச்சொத்துக்குப் பொய்க் கணக்கு எழுதுவோர் அதனை இழப்பதுமன்றி அபகீர்த்தியையும் தேடிக்கொள்வர். ஜெர்மானியக் குலத்தாரின் ரூன் லிபிக்கு நேர்ந்த கதியே இதற்குப் போதிய அத்தாட்சி.

இத்தாலி முதலிய தென்னாடுகளில் வழங்கிய எழுத்துக்களைக் கண்டு, வட ஐரோப்பியர் தம் பாஷைக்கேற்ப அமைத்துக்கொண்டதே ரூன் லிபி என்பது அறிஞர் கொள்கை. டென்மார்க்கிலுள்ள விமோஸ் சதுப்பு நிலத்திற் கிடைத்த, ஏறக்குறைய கி.பி. 160-ஆம் ஆண்டினதான, சீப்பொன்றில் இவ்வெழுத்துக்கள் காணப்படுகின்றன. ஆதியில் எழுத்துக்கள் 24. முதல் ஆறின் ஒலிகளைச் சேர்த்து இவ்வரிசையை 'ஃபுதார்க்' என்பர். மரத்திற் கத்தியாற் கீறுவதற்கு வசதியாக நேர்க்கோடுகளாலும் சாய்ந்த கோடுகளாலும் அமைந்தவை அவை. ஒவ்வோர் எழுத்துக்கும் கால்நடைச் செல்வம், பிரயாணம், சூரியன் என்றாற்போல ஒரு பெயரும் உண்டு. கி.பி. எட்டாம் நூற்றாண்டளவில் ஸ்காண்டிநேவியாவில் இவ்வரிசை 16 எழுத்துக்களாகச் சுருங்கிற்று.

ரூன் என்னும் சொல்லுக்கு ரகசியம் என்ற பொருளும் உண்டு. மந்திரமாக அவற்றைப் பொறித்ததும் உண்டு. ஆயினும் அவை முக்கியமாக மக்கள் வாழ்க்கைக்குப் பயன்பட்ட எழுத்துக்களேயாம். டென்மார்க்கின் அரசன் ஹரால்ட், ஏறக்குறைய 965-இல், தன் பெற்றோரின் ஞாபகார்த்தமாக ஜெல்லிங் என்னுமிடத்தில் நாட்டிய கல்லில் தன் வெற்றிகளையும் ரூன் எழுத்திலேயே பொறித்தான். நார்வே தேசத்துப் பெர்கன் துறைமுகத்தில் 1955-இல் நேர்ந்த தீவிபத்துக்குப்பின் மண்ணைத் தோண்டியபோது, அறுநூறுக்கு மேற்பட்ட ரூன் வாசகங்கள் வெளிப்பட்டன. சரக்கு மூட்டைகளிற் கட்டிய பெயர்ச்சீட்டுகளும், வியாபாரக் கடிதங்களும், காதலர் மொழிகளும், ஒருவனை வீட்டுக்கு வரச்சொல்லி அழைக்கும் செய்தியும் அவற்றுள் அடங்கும்.

இவ்வளவு எளிய எழுத்தைத் தெய்விக ரகசியமாக்க முற்பட்டவர் வியன்னாவைச் சேர்ந்த கைடோ ஃபான் லிஸ்ட் என்பவர். 1902-இல் கண் சிகிச்சைக்குப்பின் சில மாதங்கள் பார்வையற்றிருந்தபோது ரூன்களின் உட்பொருள் தமக்குப் புலப்பட்டதாக அவர் கூறினார். 1908-இல் நூலும் வெளியிட்டார். அவர் வகுத்த எழுத்துக்கள் 18. பழைய 24-க்கும் அது பொருந்தாது. பிந்திய 16-க்கும் பொருந்தாது. சூரியனைக் குறித்த எழுத்துக்கு 'வெற்றி' என்று அவர் பொருள் கற்பித்தார். நாஜிகளின் எஸ்.எஸ். படையினர் அவ்வெழுத்தையே இரட்டித்துத் தம் சின்னமாக்கிக்கொண்டனர். அச்சின்னத்தைத் தரித்தவர்கள் கொலைமுகாம்களை நடத்தி, லக்ஷக்கணக்கான யூதர்களை மாய்த்ததை உலகம் மறக்கவில்லை. இன்று ஜெர்மனியில் அச்சின்னத்தைப் பகிரங்கமாகக் காட்டுவது சட்டப்படி குற்றம்.

எழுத்து செய்த பிழை யாது? ஒன்றுமில்லை. சரித்திரம் கூறியது போதாதென்று கற்பனையைக் கலந்தவர்களும், அக்கற்பனையை ஆராயாது நம்பியவர்களுமே பிழை செய்தோர். பழமையில் அபிமானம் கொள்வது எத்தேசத்தாருக்கும் உரியதே; அவ்வபிமானம் கல்லையும் மரத்தையும் உள்ளபடி படித்து வரவேண்டும். தேசத்தொண்டில் இறங்கியோர் தம் முன்னோரைப்பற்றி மேடையேறிப் பேசுமுன், பேசப்போவது மெய்தானா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்வாராக. மெய்யைக் கைவிட்ட தேசாபிமானம் பிறரை அழிப்பதோடு நில்லாது. தான் போற்றிய பொருளையும் கறைப்படுத்திவிடும்.