மெல்லக் கரையும் மருந்து

காசநோய்க்கு மருந்து உண்டு. மாதக்கணக்கில் விடாமல் விழுங்குவதுதான் பெரும்பாடு. அந்தச் சுமையைக் குறைக்க வருகிறது பாலிமர்.

விடியும் முன்பே மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, கோலார் தங்க வயலின் பல தமிழ்க் குடும்பங்களுக்குச் சோறு போடுவது பெங்களூர் ரயில்தான். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் பாட்டனும் அப்பனும் வெட்டிய தங்கம் எங்கோ போனது. பாறைத் தூசி அவர்கள் நெஞ்சிலேயே தங்கிவிட்டது.

1940களில் இங்கே 7,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, 40 சதவீதத்துக்கும் அதிகமானோருக்கு சிலிகோசிஸ் இருந்தது. தூசி படிந்த நுரையீரல் காசநோய்க் கிருமிக்குத் தோதான இடம்.

வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டுக் காசநோயைக் குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டியதே, 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஆய்வு மையம்தான். ஆனால் வழக்கமான சிகிச்சைக்கு ஆறு மாதம் ஆகும். இருமல் அடங்கியதும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கிருமியோ மருந்துக்கு அடங்காத முரடாகத் திரும்பி வருகிறது.

வயிற்றுக்குள்ளும் ஒரு வம்பு. முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் இரைப்பை அமிலத்தில் சிதையும். உடன் செல்லும் ஐசோனியாசிட் அந்தச் சிதைவை வேகப்படுத்தும். அமிலத்தில் கரையாமல் குடலில் மட்டும் கரையும் பாலிமரை ஒரு மருந்தின் மேல் பூசிவிட்டால், இரண்டும் இரைப்பையில் சந்திப்பதைத் தவிர்க்கலாம்.

அடுத்த படி இன்னும் நுட்பமானது. தானே கரையும் அறுவை சிகிச்சைத் தையல் நூலுக்குப் பயன்படும் லாக்டைட்-கிளைகோலைட் பாலிமர், உடலின் நீர் பட்டு மெல்ல உடையும். அதன் நுண்துகளுக்குள் அடைத்த மருந்து நாள்கணக்கில் சிறிது சிறிதாகக் கசியும். புராஸ்டேட் புற்றுநோய்க்கு மாதம் ஒருமுறை போடும் இத்தகைய ஊசிக்கு அமெரிக்கா 1989இலேயே அனுமதி தந்தது.

காசநோயில் இதைச் சோதித்தது, சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜி.கே. குல்லரின் குழு. நோய் கண்ட சுண்டெலிகளுக்கு 10 நாளுக்கு ஒருமுறை, ஐந்தே தவணை வாய்வழியாகத் தந்ததில் திசுக்களில் கிருமி தென்படவில்லை என்று 2003இல் அறிவித்தது.

எலி வேறு, மனிதன் வேறு. அரசு சிகிச்சையில் இன்றும் தினசரி மாத்திரைதான். நுரையீரலில் ஏறிய தூசியை எந்தப் பாலிமரும் இறக்காது. ஆனால், ஒரு நாள் ரயிலைத் தவறவிட்டால் கூலி போய்விடும் ஊரில், பத்து நாளுக்கு ஒரு மருந்து என்பது சின்ன விஷயமல்ல. அது வரும்வரை, நோயாளியின் பையில் சோற்று டப்பாவோடு மாத்திரை அட்டையும் ரயில் ஏறியாக வேண்டும்.