சிறு பண்ணையின் இலாபக் கணக்கு

நெய்யாற்றின்கரை வட்டத்தில், குமரி மாவட்டத்தின் எல்லையை ஒட்டி அமைந்துள்ள வெள்ளறடையில், ரப்பர், மரச்சீனி, நேந்திர வாழை, நல்லமிளகு ஆகியவை சிறு நிலங்களில் அடுத்தடுத்துப் பயிராகின்றன. வீட்டில் கறவை மாடும் இருப்பதுண்டு. இத்தகைய நிலத்தையுடைய குடியானவரிடம் இவ்வாண்டு இலாபமா, நட்டமா என்று வினவினால், கையில் மிஞ்சிய பணத்தைக் கொண்டே அவர் விடை கூறுவார். பொருளியலார் அதே நிலத்திற்கு நேர்மாறான விடை கூறக்கூடும். இருவர் கூற்றும் பிழையன்று. எதனைச் செலவாகக் கொள்வது என்பதிலேயே வேறுபாடு உள்ளது.

எடுத்துக்காட்டாக, ஒரு வாழைத் தோட்டத்தின் விளைவு, வீட்டிற்கு எடுத்துக்கொண்ட குலைகளின் விலை உட்பட, 1,00,000 ரூபாய் எனக் கொள்வோம். கன்று, உரம், ஊன்றுகோல், கூலி, கருவிகளின் தேய்மானம், நடப்பு முதலுக்குரிய வட்டி ஆகியவை 55,000 ரூபாய். இது ‘ஏ-1’ செலவு எனப்படும். இதன்படி மிச்சம் 45,000 ரூபாய். குடும்பத்தார் உழைத்த 50 நாட்களுக்கு நாளொன்றுக்கு 700 ரூபாய் வீதம் 35,000 ரூபாயைச் சேர்த்தால், மிச்சம் 10,000 ரூபாயாகச் சுருங்குகின்றது. சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பு, நிலைமுதலுக்கான வட்டி ஆகியவற்றிற்கு 18,000 ரூபாயையும் சேர்ப்பின், 8,000 ரூபாய் நட்டம். இந்த இறுதிச் செலவாகிய 1,08,000 ரூபாயே ‘சி-2’ ஆகும்.

இவ்வகைப் பகுப்பு, 1954-55-இல் இந்தியாவின் சில மாநிலங்களில் தொடங்கிய பண்ணை நிர்வாக ஆய்வுகளில் வேரூன்றியது. அன்றைய சென்னை மாநிலத்தில் சேலம், கோயம்புத்தூர் மாவட்டங்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. குடும்ப உழைப்பிற்குச் சந்தைக் கூலியை மதிப்பிட்டால் இந்திய வேளாண்மையின் பெரும்பகுதி நட்டத்தில் நடப்பதாகவே அவ்வாய்வுகளில் தோன்றியது. அமர்த்தியா சென் 1962-இல் இப்புதிரை ஆராய்ந்தார். வேறு வேலை கிடைக்காத இடத்தில், அந்தக் கூலி குடும்பம் இழந்த வருவாயாகாது என்பது அவர் விளக்கத்தின் சாரம். ஆயின் கேரளத்தில் நாட்கூலி உயர்ந்தது. வெளிவேலைக்கும் ஆள் தேவைப்படுகின்றது. ஆதலின் வெள்ளறடையில் குடும்ப உழைப்பைக் கணக்கில் விடுவது பொருந்தாது.

இது ஏட்டளவிலான வழக்கன்று. கேரள அரசு 2020 நவம்பர் 1 முதல் 16 விளைபொருள்களுக்கு, உற்பத்திச் செலவுடன் 20 விழுக்காடு கூட்டி, அடிப்படை விலை வகுத்தது. மரச்சீனிக்கு அன்று கிலோவுக்கு 12 ரூபாய். மேற்கூறிய தோட்டத்தில் குடும்ப உழைப்பு வரையிலான 90,000 ரூபாயை உற்பத்திச் செலவாகக் கொண்டால், விளைவிற்குக் கிடைக்க வேண்டியது 1,08,000 ரூபாய்; ‘சி-2’-ஐக் கொண்டால் 1,29,600 ரூபாய். நெல் முதலியவற்றின் குறைந்தபட்ச ஆதரவு விலை பற்றி உழவர் சங்கங்கள் நடத்திவரும் வாதமும் இவ்விரு செலவுகளைப் பற்றியதே.

ரப்பருக்கு ஓராண்டுக் கணக்கே பொருந்தாது. நட்டபின் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் பால் கிடையாது. அவ்வாண்டுகளின் செலவை வட்டியுடன் திரட்டி, பால்வெட்டும் ஆண்டுகளுக்குப் பங்கிட வேண்டும். இளமரங்களிடையே பயிரிட்ட மரச்சீனியின் வரவை அதிலிருந்து கழித்தல் வேண்டும். 2011-இல் கிலோ 200 ரூபாயைக் கடந்திருந்த ரப்பர் விலை, 2016-இன் தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. உயர்ந்த விலையை நம்பி நட்டவர்க்குப் பால் வெட்டத் தொடங்கிய காலத்தில் அவ்விலை இருக்கவில்லை. ஓராண்டின் வரவை மட்டும் காட்டும் ஏடு இந்த இழப்பை ஒருபோதும் காட்டாது.

கணக்கெடுக்கும் களப்பணியாளர் பெரும்பாலும் தவறவிடுபவை சிறு இனங்களே. அடுப்பிற்குச் சென்ற மரச்சீனியும் பாலும் வரவில் சேரும். மாட்டின் சாணம் வாழைக்குச் சென்றால், மாட்டிற்கு வரவு, வாழைக்குச் செலவு. ஆண்டுத் தொடக்கத்தில் இல்லாத கன்று ஆண்டிறுதியில் தொழுவில் நின்றால், விற்காவிடினும் அதன் மதிப்பு வரவாகும். வீட்டுப் பெண்டிர் புல்லறுத்த நேரத்தைக் கேட்டறிந்து எழுதுவோர் மிகச் சிலரே. வேலை நாட்களை ஆண்டிறுதியில் நினைவிலிருந்து கேட்பதினும், அன்றன்று மாலையிலே குறித்தல் நன்று. பள்ளியிற் பயிலும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஆசிரியர்கள் இதனை ஒரு பயிற்சியாகவே அளிக்கலாம்.