கேட்காமல் வந்த புது கார்டு



சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் மேடவாக்கத்திலும் நம் ஆதரவாளர்களின் வீடுகளைச் சந்திக்கப் போகும்போது, நலம் விசாரித்து முடிந்ததும் பீரோவைத் திறந்து ஒரு வங்கிக் கவரை எடுத்து வந்து எங்கள் கையில் கொடுப்பவர்கள் உண்டு. "ஐயரே, இதைக் கொஞ்சம் பாருங்கள். நான் கேட்கவே இல்லை, பாங்கிலிருந்து புது கார்டு அனுப்பியிருக்கிறார்கள். பழைய கார்டுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறதே?" என்பார்கள். கவருக்குள் இருக்கும் கடிதம் பெரும்பாலும் நாலே வரிதான். பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பழைய கார்டு நிறுத்தப்பட்டது, புதியதைப் பயன்படுத்தவும் என்றிருக்கும். சில கடிதங்களில் "மோசடி" என்ற சொல்லும் இருக்கும். அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காதவர்களை நாங்கள் அறிவோம். பணம் போய்விட்டதோ என்பது ஒரு பயம். நாம் ஏதோ தவறு செய்துவிட்டோமோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

இப்படிப்பட்ட கார்டுகள் ஏன் வருகின்றன என்பதை, நம் நாட்டில் உண்மையாகவே நடந்த ஒரு காரியத்தைக் கொண்டு விளக்கலாம் என்று நினைக்கிறோம்.

2016-ம் ஆண்டு அக்டோபர் மாதம் மூன்றாம் வாரத்தில் ஸ்டேட் பாங்க் தன் வாடிக்கையாளர்களின் ஏறக்குறைய 6 லட்சம் டெபிட் கார்டுகளை முடக்கி, மாற்றுக் கார்டு கொடுக்கத் தொடங்கியது. மற்ற வங்கிகளும் சில கார்டுகளை மாற்றின, சில பின் நம்பரை மாற்றச் சொல்லின. ஆபத்துக்குள்ளானதாகக் கருதப்பட்ட கார்டுகள் நாடெங்கும் சுமார் 32 லட்சம். அதற்கு முந்தைய வாரங்களில் சில வாடிக்கையாளர்கள் புகார் செய்திருந்தார்கள். தாங்கள் இந்தியாவில் இருக்க, கார்டும் தங்கள் பையிலேயே இருக்க, சீனாவிலும் அமெரிக்காவிலும் அதே கார்டின் பேரில் பணம் எடுக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். பணப்பரிமாற்றங்களை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகம் அக்டோபர் 20-ம் தேதியையொட்டி வெளியிட்ட கணக்கின்படி, அப்படிப் புகார் செய்தவர்கள் 19 வங்கிகளைச் சேர்ந்த 641 பேர். போன பணம் சுமார் 1 கோடியே 30 லட்சம் ரூபாய்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆபத்தில் இருந்த கார்டுகள் 32 லட்சம், பணத்தை இழந்தவர்கள் 641 பேர். ஏறத்தாழ ஐயாயிரம் கார்டுக்கு ஒருவர். ஆகையால் அந்த மாதம் கார்டு முடக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோரின் பணத்தை யாரும் தொடவில்லை. திருடன் வருமுன்னே வீட்டுப் பூட்டை மாற்றிக் கொடுத்ததைப் போன்றதுதான் அந்தக் காரியம். புது கார்டு வந்ததென்றால் பணம் போயிற்று என்று பொருளல்ல. பெரும்பாலும் அதற்கு நேர்மாறு.

யாருடைய கார்டு ஆபத்தில் இருக்கிறதென்று வங்கிக்கு எப்படித் தெரியும்? மருத்துவமனையில் வேலை செய்கிறவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒரே வாரத்தில் ஏழெட்டுப் பேர் வயிற்றுப்போக்கோடு வந்தால், ஒவ்வொருவருக்கும் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டு டாக்டர் சும்மா இருப்பதில்லை. எந்தத் தெரு, எந்தக் குழாய், எந்தத் தண்ணீர் லாரி, யார் வீட்டுக் கலியாணச் சாப்பாடு என்று விசாரிப்பார். எல்லாருடைய பதிலும் ஓரிடத்தில் கூடும்போது, இன்னும் நோய் காணாதவர்களுக்கும் "அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்" என்று ஆள் அனுப்பப்படும். வங்கிகள் செய்வதும் இதுவே. திருட்டுக்கு உள்ளான கார்டுகளையெல்லாம் எடுத்து, கடந்த சில மாதங்களில் அவை எந்தெந்த இயந்திரத்தில் செருகப்பட்டன என்று பார்க்கிறார்கள். எல்லாம் ஓரிடத்தில் வந்து கூடினால், அதே காலத்தில் அதே இடத்தில் பயன்படுத்தப்பட்ட மற்றக் கார்டுகளும் சந்தேகத்துக்குரியவையே.

2016-ல் அப்படிக் கூடிய இடம் ஒரு தனி ஏ.டி.எம். அல்ல. யெஸ் பாங்க்கின் ஏ.டி.எம்.களை நடத்திக்கொடுத்த ஹிட்டாச்சி பேமென்ட் சர்வீசஸ் என்ற நிறுவனத்தின் கணினி அமைப்பு அது. நம் சென்னையைச் சேர்ந்த பிரிசம் என்ற நிறுவனத்தை ஜப்பானின் ஹிட்டாச்சி வாங்கியதால் உருவான நிறுவனம். அதன் கணினிக்குள் யாரோ ஒரு தீய நிரலைப் புகுத்தியிருந்தார்கள். 2016-ம் ஆண்டின் நடுப்பகுதியில் தன் அமைப்பு அவ்வாறு தாக்கப்பட்டதை அந்நிறுவனமே 2017 பிப்ரவரியில் ஒப்புக்கொண்டது. நாம் ஏ.டி.எம்.மில் கார்டைச் செருகிப் பின் நம்பரை அழுத்தும்போது, அந்தச் செய்தி நேராக நம் வங்கிக்குப் போவதில்லை. நடுவிலே இப்படிப்பட்ட ஓர் இணைப்பு நிலையத்தின் வழியாகத்தான் போகிறது, ரயில் ஜங்ஷனில் தடம் மாறிப் போவதுபோல. வங்கி ஒன்று, இயந்திரம் வேறொன்று, ஜங்ஷன் மூன்றாம் ஆளுடையது. ஆகவேதான் ஸ்டேட் பாங்க் வாடிக்கையாளர்கள் தங்கள் வங்கியில் குறையொன்றும் இல்லாதிருந்தும் கார்டை மாற்ற நேர்ந்தது. அவர்கள் செய்ததெல்லாம் அவசரத்துக்கு அருகில் இருந்த வேறொரு வங்கியின் ஏ.டி.எம்.மில் பணம் எடுத்ததுதான். எல்லாரும் செய்கிற காரியம்.

இது நம் நாட்டுக்கு மட்டும் வந்த சோதனையும் அல்ல. 2013-ம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் அமெரிக்காவில் டார்கெட் என்ற பெரிய கடைத்தொகுதியின் பில் போடும் இயந்திரங்களிலிருந்து சுமார் 4 கோடி கார்டுகளின் விவரங்கள் களவாடப்பட்டன. திருடர்கள் நுழைந்த வழி, அந்தக் கடைகளுக்குக் குளிர்சாதன வேலை செய்துகொடுத்த ஒரு சிறிய நிறுவனத்தின் கணினிக் கணக்கு. அங்கும் வீடு வீடாகப் புது கார்டுகள் போய்ச் சேர்ந்தன.

அந்த அக்டோபரில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எங்கள் மருந்தகத்தில் மாதாந்தர மாத்திரை வாங்க வந்தார். பல ஆண்டுகளாக இம்மருத்துவமனையைத் தாங்கிவருகிறவர். கார்டைக் கொடுத்தார், இயந்திரம் மறுத்தது. மறுபடியும் தேய்த்தார்கள், மறுபடியும் மறுத்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "பணம் இருக்கிறது தம்பி, பென்ஷன் வந்துவிட்டது" என்று அவர் கவுன்டரில் இருந்த பையனிடம் மூன்று முறை சொன்னதாகக் கேள்விப்பட்டோம். மாத்திரையை வாங்காமலே வீட்டுக்குப் போய்விட்டார். எங்கள் ஊழியர் ஒருவர் மாலையில் கொண்டுபோய்க் கொடுத்தார். வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தி அவருடைய போனில் படிக்கப்படாமல் கிடந்தது. கணக்கில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனாலும் அடுத்த இரண்டு வாரம் அவர் வீட்டைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை. பிறகு நவம்பர் 8-ம் தேதி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. புது கார்டு கைக்கு வராதவர்களின் பாடு அந்நாட்களில் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

இந்த வெட்கத்தைப் பற்றியே நாங்கள் அதிகம் சொல்ல விரும்புகிறோம். வார்டில் படுக்கையருகே உட்கார்ந்திருக்கையில், இரத்த அழுத்தம் ஏன் திடீரென்று ஏறியது என்று டாக்டருக்குப் புரியாத சில காரணங்கள் எங்கள் காதுக்கு வருவதுண்டு. "பாங்க் மேனேஜர் பேசுகிறேன், உங்கள் புது கார்டை ஆக்டிவேட் செய்ய வேண்டும்" என்று போனில் சொன்ன ஒருவனிடம் ஓ.டி.பி. எண்ணைக் கொடுத்துவிட்டு, அதை மகனிடமும் சொல்லாமல், மருமகளிடமும் சொல்லாமல் பதினைந்து நாள் மனதுக்குள் வைத்துப் புழுங்கியவர் ஒருவர். அதற்குள் கணக்கிலிருந்து நாலு தவணையாகப் பணம் போயிருந்தது. முதல் தவணையோடு வாய் திறந்திருந்தால் மற்ற மூன்றும் தப்பியிருக்கும்.

இது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல, ரிசர்வ் வங்கியின் விதி. 2017-ம் ஆண்டு ஜூலை 6-ம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கையில் அது வகுத்த ஒழுங்கு இது. தவறு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல், 2016-ல் போல நடுவில் எங்கோ நடந்திருந்தால், பணம் போன செய்தி நமக்கு வந்த பிறகு மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்கு அறிவித்தால் நமக்கு நஷ்டமே இல்லை, முழுத் தொகையும் வங்கியின் பொறுப்பு. நாலு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் அறிவித்தால், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு நம் நஷ்டம் அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கும் மேல் தாமதித்தால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. நாமே ஓ.டி.பி.யைச் சொல்லிக் கொடுத்திருந்தாலும், அறிவிக்கும் நிமிஷம் வரைக்கும் போனதுதான் நம் தலையில் விழும். அறிவித்த பிறகு போகிற ஒவ்வொரு ரூபாயும் வங்கியுடையது. ஆகவே ஏமாந்துபோனவரும் உடனே சொன்னால் லாபம் உண்டு. போலீஸாரின் 1930 என்ற எண்ணுக்கும் அப்போதே போன் செய்ய வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கும்போதே அதைத் தடுத்துநிறுத்தப் பார்ப்பதற்கென்றே ஏற்பட்ட எண் அது. வங்கி காதுகொடுக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

சரி, கவர் வந்துவிட்டது. என்ன செய்வது? கவரில் அச்சடித்திருக்கும் எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள், கவரே பொய்யாக இருக்கக்கூடும். பழைய கார்டின் பின்புறத்திலோ பாஸ் புத்தகத்திலோ உள்ள எண்ணுக்குப் பேசுங்கள், அல்லது நேரே உங்கள் கிளைக்குப் போய்க் கேளுங்கள். உண்மையான கார்டுதான் என்றால் வங்கியின் ஏ.டி.எம்.மிலேயே புதுப் பின் நம்பரை நீங்களே வைத்துக்கொள்ளலாம், அதற்காக எவரும் உங்களுக்குப் போன் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. பழைய கார்டைச் சிப்பும் காந்தப்பட்டையும் துண்டாகும்படி கத்தரித்துப் போடுங்கள். பழைய பட்டைக் கார்டில் எழுதியிருப்பது என்றும் மாறாத ஒரே செய்தி, அதை நகலெடுத்தால் இன்னொரு கார்டு தயார். சிப் அப்படியல்ல, ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு குறியீட்டை உண்டாக்குகிறது. இதனால்தான் 2018 டிசம்பர் 31-க்குள் எல்லாவற்றையும் சிப் கார்டாக மாற்றும்படி ரிசர்வ் வங்கி கட்டளையிட்டது. அப்போதும் பலருக்குக் கேட்காமலே கார்டு வந்தது. 2020 அக்டோபருக்குப் பிறகு கொடுக்கப்பட்ட புது கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடும் இணையவழிப் பயன்பாடும் நாம் திறந்தால்தான் திறக்கும். கடைக்கு மட்டும் போகிறவர்கள் அதைத் திறக்காமலே விட்டுவிடலாம்.

நம் பகுதிக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. பழைய பல்லாவரம் வீட்டை விற்றுவிட்டுக் கூடுவாஞ்சேரிக்குப் போனவர்கள், ஆறு மாதம் அமெரிக்காவில் மகள் வீட்டில் இருப்பவர்கள் பலர். வங்கியில் விலாசமும் போன் நம்பரும் பழையதாகவே இருக்கும். கவர் போய்ப் பூட்டிய வீட்டின் பெட்டியில் கிடக்கும், எச்சரிக்கைச் செய்தி வேறு யாருடைய போனுக்கோ போகும். ஊருக்குப் புறப்படும் முன்னே பால்காரரிடம் சொல்வதுபோல் வங்கியிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

கடைசியாக, நம் மருத்துவமனையைச் சேர்ந்த காரியம். மாதந்தோறும் கார்டின் மூலமாக ஏழை நோயாளிகள் நிதிக்குக் காணிக்கை அனுப்புகிறவர்களின் கார்டு மாறும்போது, எண்ணும் மாறுவதால் அந்த ஏற்பாடு பெரும்பாலும் அறுந்துபோகிறது. கொடுக்கிறவருக்கும் தெரிவதில்லை, எங்களுக்கும் இரண்டு மாதம் கழித்தே தெரிகிறது. வங்கிக் கணக்கிலிருந்தே நேராகப் போகும்படி கையெழுத்திட்டுக் கொடுத்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, கார்டு மாறினாலும் கணக்கு எண் மாறுவதில்லை. மற்றவர்கள் ஏற்பாட்டைத் தாங்களே புதுப்பிக்க வேண்டும். ஒன்றைத் தெளிவாகச் சொல்லுகிறோம்: எங்கள் அலுவலகத்திலிருந்து யாரும் உங்களுக்குப் போன் செய்து கார்டு எண்ணையோ ஓ.டி.பி.யையோ கேட்கமாட்டார்கள். எங்கள் பெயரைச் சொல்லி, ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் குழந்தையின் பெயரைச் சொல்லி எவராவது கேட்டால், தயங்காமல் போனை வைத்துவிட்டு மருத்துவமனையின் பொது எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். எங்களுக்கு வருத்தம் இராது.

உங்கள் ரசீது இரண்டு மாதமாக வராதிருந்தால், அலுவலகத்துக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டால் போதும். தபால் கார்டைத்தான் சொல்லுகிறோம்.