கால் எரிச்சலுக்கு இரு மருந்துகள்



சோமனூர் வட்டாரத்துத் தறிக்குடோன்களில் நாள் முழுதும் நின்று உழைப்பவர்களில் நீரிழிவு உள்ளவர்களும் உண்டு. இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால் பாதத்து நரம்புகள் பழுதாகின்றன. எரிச்சலும் ஊசி குத்துவது போன்ற வலியும் இரவு உறக்கத்தைக் கெடுக்கின்றன.

இதற்கான மருந்துகளில் பிரிகாபலின், நரம்பு அனுப்பும் வலிச்செய்தியைக் குறைக்கிறது. அமிட்ரிப்டிலினும் டுலோக்செடினும், மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வலியை அடக்கும் பாதையைப் பலப்படுத்துகின்றன. வழிகள் வேறானதால், ஒன்று போதாதபோது மற்றதைச் சேர்க்கலாம்.

2022-ல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், பிரிட்டனின் 13 மையங்களில் 130 பேருக்கு இம்முறை சோதிக்கப்பட்டது. முதல் 6 வாரம் ஒரே மருந்து. வலி அடங்காதவர்களுக்கு அடுத்த 10 வாரம் இரண்டாவதும் சேர்க்கப்பட்டது. எதில் தொடங்கினாலும், 10-க்கு 6.6 ஆக இருந்த சராசரி வலி 3.3 ஆகக் குறைந்தது. விலை குறைந்த அமிட்ரிப்டிலினில் தொடங்கியவர்களும் பின்தங்கவில்லை. ஏழைகளுக்கு இது நற்செய்தியே.

ஆயினும் இம்மருந்துகளால் தூக்கமும் தலைச்சுற்றலும் வரலாம்; ஓடும் தறியருகே அது ஆபத்து. ஆகவே மருத்துவர் சொற்படி சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகவே கூட்ட வேண்டும். முதியோரும் இருதய நோயுள்ளோரும் அமிட்ரிப்டிலினில் அதிக எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

வலி தணிந்ததால் நரம்பு குணமாகிவிட்டது என்று நாம் எண்ணிவிடக் கூடாது. 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் பாதப்புண்களுக்கு உணர்விழப்பே முக்கிய காரணம் என்று காட்டினார். நீரிழிவுப் பாதத்துக்கும் அது பொருந்தும். மாத்திரை உண்பவரும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, இரவுதோறும் உள்ளங்காலைப் பார்த்துவிட்டே படுக்க வேண்டும்.